நாற்பத்தோராவது கீறல்

ஒரு காரை வாடகைக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதை எங்கெங்கே எப்படியெல்லாம் இடிக்கலாம் என்று மணிக்கணக்கில் பாடம் நடத்துகிற இடத்தை என் அறுபத்தெட்டாவது வயதில்தான் பார்த்தேன். அதற்கு முன்னால் நாற்பது வருஷம் நான் பார்த்ததெல்லாம் இடித்துவிட்டு வந்தவர்களை. எனக்கு டிங்கரிங் தொழில். நசுங்கிய வண்டியைத் தட்டி நிமிர்த்துவது, பட்டி பூசி இழைப்பது, பெயிண்டருக்குத் தள்ளிவிடுவது. இடித்தவன் எவனும் நிஜம் சொல்லி நான் கேட்டதில்லை. தேமே என்று நின்றுகொண்டிருந்தேன், சுவர்தான் வந்து மோதியது என்பான். அதனால் மனுஷன் பேச்சை நம்புகிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிற்று. தகரம் சொன்னால் நம்புவேன்.

வெளிநாட்டுச் சுற்றுலா என் யோசனை இல்லை, வீட்டுக்காரியுடையது. அவள் பதினெட்டு வருஷம் நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் நின்றவள். பக்கத்து மெஷினில் நின்றவள்தான் அவளுக்கு உலகத்தில் ஒரே சிநேகிதி. இவள் நெட்டை, அவள் குட்டை. மில்லில் விழுந்த பெயர்கள், இன்றைக்கும் ஒருத்தியை ஒருத்தி அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குட்டை தன் மகனோடு நாங்கள் சுற்றுலா போன நாட்டுக்குப் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. இப்போது மகனுக்கு அதைவிடத் தூரத்தில் இன்னொரு நாட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாயும் பிள்ளையும் கிளம்புகிறார்கள். அதற்கப்புறம் அவளைப் பார்ப்பதென்றால் போனில் முகம் பார்த்தால்தான் உண்டு. எங்களுக்கு விமானத்தில் இடம் கிடைத்ததோ சனிக்கிழமை காலையில் இறங்குகிற மாதிரி. ஐந்து நாள் சுற்றுலாவில் கடல், கோட்டை, பூங்கா எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், முதல் நாள் சாயந்தரம் குட்டைக்கு என்று இவள் முடிவு பண்ணிவிட்டாள்.

குட்டை இருப்பது மலைமேல். சமவெளியில் மூன்று மணி நேரம், மலையில் ஒரு மணி நேரம். பஸ் ஒன்றே ஒன்று, நாங்கள் இறங்குவதற்கு முன்னாலேயே போய்விடும். டாக்ஸிக்காரர் கேட்ட வாடகைக்கு நாங்கள் திரும்ப வீட்டுக்கே போய்விட்டு வரலாம். மலையடிவாரத்தில் ஒரு கேட் உண்டு, சின்ன வண்டிகளுக்கு அதைச் சாயந்தரம் ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். அதாவது மூன்று மணிக்குள் நாங்கள் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். விமானம் இறங்கியது பத்து மணிக்கு. வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது என்று நினைத்தோம்.

மகளின் வீட்டுக்காரர்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காருக்குப் பதிவு பண்ணிக் கொடுத்தவர். நல்ல பிள்ளை, யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார். அவரே ஒன்று மட்டும் எச்சரித்து அனுப்பினார்.

"மாமா, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கற கீறல், நசுங்கல் எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதி வாங்கிடுங்க. இல்லன்னா திருப்பிக் குடுக்கும்போது நம்ம தலையில கட்டிடுவாங்க."

கீறல் பார்க்க எனக்கா சொல்லித்தர வேண்டும். சரி மாப்பிள்ளை என்றேன்.

கார் கம்பெனியின் ஆபீஸ் விமான நிலையத்தின் அடித்தளத்தில், கழிப்பறைக்கும் தொலைந்த பெட்டிகள் வைக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது. சுவர் முழுக்க ஒரு படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் காரில் சிரித்துக்கொண்டு போகிறார்கள். ஓட்டுகிற அப்பனும் எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறான், ரோட்டைப் பார்க்கவில்லை.

உள்ளே எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனாலும் டோக்கன் எடுக்கச் சொன்னார்கள். எழுபத்திரண்டு வந்தது. திரையில் அறுபத்தொன்பது என்று இருந்தது. நடுவில் உள்ளவர்கள் எங்கே என்று கேட்டேன். அவர்கள் டோக்கன் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், திரும்பி வந்தாலும் வருவார்கள், அவர்கள் முறையை நாம் பறிக்கக்கூடாது என்று பதில் வந்தது. வராதவர்களுக்காக அரைமணி நேரம் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம்.

கவுண்டரில் எங்கள் பாஷை பேசுகிற பெண்ணையே உட்காரவைத்திருந்தார்கள். மேலாளரும் எங்கள் பாஷைக்காரர்தான், பின்னால் முற்றத்தில் காரைக் காட்ட நின்றவனும் அப்படியே. வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஏமாற்றுவதற்குத் தாய்மொழி போல வசதி வேறு கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. என்ன கேட்டாலும் அது குறையவில்லை. வீட்டுக்காரி அங்கேயே பல்லழகி என்று பெயர் வைத்துவிட்டாள். கார் தயாராக இருக்கிறது, இன்சூரன்ஸை மட்டும் முடித்துவிட்டால் சாவியைத் தந்துவிடலாம் என்றாள் பல்லழகி. இன்சூரன்ஸ்தான் வாடகையோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டதே என்று மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய தாளைக் காட்டினேன். அது அடிப்படை இன்சூரன்ஸாம். வண்டி கம்பெனி முற்றத்தில் நிற்கும்போது ஏதாவது ஆனால் அதில் கிடைக்குமாம். ரோட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் வேறு எடுக்க வேண்டுமாம்.

ரோட்டில் ஓட்டுவதற்கு மூன்று தினுசு வைத்திருந்தார்கள். நிம்மதி, முழு நிம்மதி, பரிபூரண நிம்மதி. மூன்றுக்கும் மூன்று நிறத்தில் அட்டை. நிம்மதி எடுத்தால் வண்டியின் இடதுபக்கம் அடிபட்டால் கிடைக்கும். முழு நிம்மதியில் வலதுபக்கமும் சேரும். பரிபூரண நிம்மதியில் முன்னும் பின்னும். கண்ணாடி, டயர், கூரை, வண்டியின் அடிப்பாகம், சாவி, கதவின் உள்பக்கம் இவையெல்லாம் எதிலும் சேராது.

"அப்ப மோதினா எனக்கு என்னதான் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"நிம்மதி கிடைக்கும் சார்" என்றாள் பல்லழகி.

அதற்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது. முதல் பங்கு என்று பெயர். விபத்து ஆனால் முதல் பங்கு நம்முடையது, அதற்கு மேல் போனால்தான் கம்பெனி தரும். எவ்வளவு என்று கேட்டேன். வாயால் சொல்லக்கூடாதாம், தாளில் எழுதித் திருப்பிக் காட்டினாள். வண்டிகளுக்கு விலை மதிப்பது என் பிழைப்பு. அந்தத் தொகைக்கு அந்தக் காரையே வாங்கிக்கொண்டு, மிச்சத்தில் ஒரு சைக்கிளும் வாங்கலாம். அதாவது நான் காரை இடித்துத் தூளாக்கி, சைக்கிளையும் சேர்த்து நொறுக்கினால், அதற்கு மேல் ஆகிற செலவைப் பார்த்துக்கொள்ள அவர்கள் தயார்.

வீட்டுக்காரியின் போன் அடித்தது. குட்டைதான். கிளம்பியாச்சா என்று கேட்டாள். இதோ கிளம்பிட்டோம்டி என்றாள் இவள். மணி பன்னிரண்டு.

எதையாவது எடுத்துத் தொலைக்கலாம் என்று பரிபூரணத்துக்குத் தலையாட்டினேன். உடனே ஒரு படிவம் வந்தது. இதுவரை எத்தனை விபத்து நடத்தியிருக்கிறீர்கள் என்று முதல் கேள்வி. ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அவ்வளவு நேரமும் குறையாத சிரிப்பு அப்போதுதான் குறைந்தது. எழுந்து உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தாள்.

மேலாளர் கழுத்துப்பட்டை கட்டி, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். என் படிவத்தைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அய்யா, விபத்து நடத்தினவங்களப் பத்தி எங்களுக்குத் தெளிவா இருக்கு. எப்ப இடிச்சாங்க, எங்க இடிச்சாங்க, எல்லாம் கணக்குல வந்துடும். நீங்க நாப்பத்தஞ்சு வருஷமா ஓட்டியும் இன்னும் நடத்தல. உங்களோடது பாக்கி இருக்கு. அந்தப் பாக்கிய எங்க வண்டியிலதான் தீர்ப்பீங்கன்னு நாங்க எடுத்துக்க வேண்டியிருக்கு."

ஒரு தடவை இடித்தேன் என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். பொய் எழுதினால் இன்சூரன்ஸ் செல்லாது என்றார். உண்மை எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். விலை கூடும் என்றார். அதற்குப் பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு அட்டையைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். 'நிலுவை' என்று அதில் போட்டிருந்தது. விபத்து நிலுவையில் உள்ளவர் என்று அர்த்தமாம். வளாகத்துக்குள் இருக்கும்வரை கழற்றக்கூடாது. சந்தைக்கு ஓட்டிவந்த மாடு மாதிரி அதோடு நடமாடினேன்.

அடுத்தது வீட்டுக்காரியின் முறை. பக்கத்து இருக்கையில் உட்கார்கிறவர்களால்தான் பாதி விபத்து என்று கம்பெனி ஆராய்ந்து வைத்திருக்கிறதாம். அவளுக்குத் தனிப் படிவம். கணவருக்கு மணிக்கு எத்தனை முறை வழி சொல்வீர்கள். எதிரே லாரி வந்தால் சத்தம் போடுவீர்களா, காலை ஊன்றிக்கொள்வீர்களா. பழைய விஷயங்களைப் பேசுவது உண்டா, உண்டென்றால் எந்த வருஷத்து விஷயங்கள். இவள் படிவத்தை வாசித்து முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"இங்க பாரும்மா" என்றாள் பல்லழகியிடம். "கேட்டாலும் வழி சொல்வேன், கேக்கலன்னாலும் சொல்வேன். லாரி வந்தா இவரைத் திட்டுவேன். லாரி வரலன்னாலும் திட்டுவேன். இதையெல்லாம் இவர் இன்சூரன்ஸ் இல்லாமலே நாப்பத்தி மூணு வருஷமா தாங்கிட்டிருக்கார். எழுதிக்க."

பல்லழகி அப்படியே எழுதிக்கொண்டாள். திரையில் பார்த்து, அம்மா 'நகரும் இடையூறு' என்ற பிரிவில் வருவதாகச் சொன்னாள். பின் சீட்டில் உட்கார்ந்தால் கட்டணம் பாதி. டிக்கியில் சாமான் மட்டும்தான் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு இரண்டு பெண்களும் சேர்ந்து முறைத்தார்கள்.

பிறகு நிம்மதியைப் பற்றிய சினிமாப் படம் ஒன்று, இருபது நிமிஷம். அதைப் பார்த்தேன் என்று ஒரு கையெழுத்து. பார்க்கும்போது தூங்கவில்லை என்று இன்னொன்று. ஒன்றரை மணி ஆகிவிட்டது. வண்டி எப்போது தருவீர்கள் என்று நான் குரலை உயர்த்தினேன். மேலாளர் மறுபடி வந்து கையைக் கோத்துக்கொண்டார்.

"நான் இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன் அய்யா. இங்க வர்றவங்களுக்கு வேண்டியது வண்டின்னு அவங்களே நினைச்சிட்டிருக்காங்க. இல்ல. அவங்களுக்கு வேண்டியது நிம்மதி. வண்டி ஒரு சாக்கு. நிம்மதிய வித்து முடிச்சுட்டா, வண்டி குடுக்கறது ஒரு சின்ன வேலை. பல பேருக்கு அதுக்கு அவசியமே வர்றதில்ல."

இதை ரொம்பப் பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற பல்லழகி தலையாட்டினாள். என் வாழ்நாளில் திருடன் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் கொஞ்சமாவது கூச்சம் இருந்தது.

ஒரு வழியாக எங்களைப் பின்பக்க முற்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைக் கார் ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் கையுறை, நெற்றியில் விளக்கு, கையில் தட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர் சகிதம் ஒருவன். சேத அதிகாரி என்று நெஞ்சில் குத்தியிருந்தான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, சேதம் எதுவும் இல்லை, கையெழுத்துப் போடுங்கள் என்று தட்டை நீட்டினான்.

நான் போடவில்லை. பானட்டை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

நல்ல தகரத்தைத் தட்டினால் அது பதில் சொல்லும். பட்டி பூசின இடம் முனகும். அந்தக் கார் தலையிலிருந்து வால்வரை முனகியது. இடது மட்கார்டில் விரல் கனத்துக்குப் பட்டி. வலதுபக்கக் கதவு வேறொரு வண்டியினுடையது, வெள்ளை ஒன்றுபோல இருந்தால் போதும் என்று மாட்டியிருக்கிறார்கள். பின் பம்பரைப் பசை போட்டு ஒட்டி, ஒட்டினதை மறைக்கக் கம்பெனி பெயரை அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். இவ்வளவு கேவலமான டிங்கரிங்கை நான் தொழில் பழகின முதல் வருஷத்தில்கூடச் செய்ததில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

சேத அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தான். அதில் ஒரு வட்ட ஓட்டை. ஓட்டைக்குள் அடங்கிவிடுகிற கீறல் கீறலே இல்லையாம், எழுத வேண்டாமாம். ஓட்டை பெரிய அகலமாகத்தான் இருந்தது, ஒரு நாய்க்குட்டியையே அடக்கிவிடலாம். அட்டையின் மறுகோடியில் அவன் கட்டைவிரல் ஏன் அப்படி அழுந்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, விரலை விலக்கச் சொன்னேன். அங்கே இன்னொரு ஓட்டை, கொசு நுழையலாம்.

"இது என்னப்பா?" என்று கேட்டேன்.

"அது வண்டி திரும்பி வரும்போது வச்சுப் பாக்கறது" என்றான்.

பிறகு நான் விடுவேனா. கொசு ஓட்டையை வைத்தே எழுதச் சொன்னேன். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நான் ஒன்று சொன்னால் அவன் குறுக்கே ஒன்று அளந்து எழுதினான். கீறல் பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. வீட்டுக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பெண் பார்க்க வந்தவன்கூட இப்படிக் குறை எடுக்க மாட்டான், போதும் வாங்க என்றாள். இருடி, நம்ம தலையில கட்டிடுவானுங்க என்றேன். முப்பது தாண்டியது. நாற்பதாவது, பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு நசுங்கல். நிமிர்ந்தேன். முதுகு விட்டுப்போயிற்று. அவ்வளவுதான், எழுதியாயிற்று, சாவியைக் கொடு என்றேன்.

சேத அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. கடைசி வார்த்தை ஒரு டிங்கரிங்காரனுடையதாக இருப்பதா. நெற்றி விளக்கை எரியவிட்டுக் கூரையை ஆராய்ந்தான். "நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க" என்று சொல்லி, அளந்து, எழுதினான். எட்டிப் பார்த்தேன். காக்காய் எச்சம்.

அவன் விரலை எடுத்ததும் தட்டு சிவப்பாக மாறி ஊளையிட்டது.

சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். தட்டை வாங்கிப் பார்த்தார், முகம் செத்துப்போயிற்று. விஷயம் இதுதான். நாற்பது சேதம் வரை அது கார். நாற்பத்தொன்று ஆனால் முழுச்சேதம். முழுச்சேதம் ஆன வண்டி கம்பெனிக் கணக்கில் கார் இல்லை, கழிவுப் பொருள். கழிவுப் பொருளை வாடகைக்கு விட முடியாது.

"காலையில நல்லா இருந்த வண்டி அய்யா இது" என்றார் மேலாளர். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "நீங்க பாக்கற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் இல்ல. ஆயிரம் பேர் எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஒருத்தரும் இப்படிப் பாக்கல. பாத்தா எந்த வண்டிதான் தாங்கும்?"

காக்காய் எச்சத்தை எடுத்துவிட்டால் நாற்பதுதானே என்றேன். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, கூரையில் ஒரே இழுப்பு. சுத்தமாகப் போய்விட்டது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அங்கீகாரம் பெற்ற பட்டறையின் சான்று இல்லாமல் சேதத்தைச் சரிசெய்தது விதிமீறல் என்றார். தட்டில் அது 'வாடிக்கையாளர் தலையீடு' என்று நாற்பத்திரண்டாவதாக ஏறியது.

முற்றத்தில் இன்னும் பதினொரு கார்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றைத் தரச் சொன்னேன். அவை எல்லாம் இன்சூரன்ஸ் ஓய்வில் இருக்கின்றனவாம். எப்போது ஓய்வு முடியும் என்றேன். ஓய்வில் இருக்கும்போதுதான் அவற்றுக்கு ஆபத்து இல்லை, ஆகவே முடிக்கிற உத்தேசம் இல்லை என்றார். வேண்டுமானால் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மணி மூன்று இருபது. போன் மறுபடி அடித்தது. வீட்டுக்காரி எடுக்கவில்லை. அதன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் என்னைத் திட்டாமல் நின்ற தருணங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று. நாற்பது கீறலைக் கண்டுபிடித்த கெட்டிக்காரன், அவளுடைய ஒரு சாயந்தரத்தைத் தொலைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு இழுவை லாரி உள்ளே வந்தது. முழுச்சேதம் ஆன பொருள் நாலு மணிக்கு மேல் முற்றத்தில் நிற்கக்கூடாது என்று விதியாம். கம்பெனியில் உடனடியாக நடந்த ஒரே காரியம் அதுதான். லாரிக்காரரும் எங்கள் பாஷைக்காரர்தான், என் வயசுக்காரர், எண்ணெய்ச் சட்டை, வாயில் பல்குச்சி. யாரையும் கேட்காமல் சங்கிலியைப் போட்டுக் காரை மேலே ஏற்றினார். வேலை தெரிந்த கை. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். பட்டறைக்கு என்றார். பட்டறை எங்கே என்றேன்.

அவர் சொன்னது குட்டையின் ஊர்.

வீட்டுக்காரி என்னையும் பார்க்கவில்லை, மேலாளரையும் பார்க்கவில்லை. நேராக லாரிக்காரரிடம் போனாள். முன்னால் மூன்று பேர் உட்காரலாமா அண்ணே என்று கேட்டாள். தாராளமா உக்காரலாம்மா என்று அவர் கதவைத் திறந்துவிட்டார். மேலாளர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். அதில் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, படிவம் கிடையாது, அந்த வண்டியில் ஏறினால் கம்பெனி எதற்கும் பொறுப்பாகாது என்று எச்சரித்தார்.

"அதுக்குத்தான் அதுல ஏறுறோம்" என்றாள் இவள்.

நான் கழுத்தில் தொங்கின 'நிலுவை' அட்டையைக் கழற்றி மேலாளர் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். பெட்டிகளைப் பின்னால் காருக்குள்ளேயே போட்டோம். சாமான் மட்டும் அந்தக் காரில் பயணம் போயிற்று. நிம்மதியாகத்தான் போயிருக்கும்.

ஊரைத் தாண்டினதும் லாரிக்காரர் பல்குச்சியைத் துப்பிவிட்டு, கண்ணாடியில் பின்னால் காரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த வண்டி இந்த வருஷத்துல மூணாவது தடவையா சாகுது."

முழுச்சேதம் என்று எழுதியதும் கம்பெனிக்கு எங்கேயோ இருந்து முழு இன்சூரன்ஸ் வந்துவிடுமாம். மலைப் பட்டறையில் ஒரு கை பட்டி அப்பி, வேறு நம்பர் மாட்டி, புதுவண்டி என்று கீழே அனுப்புவார்களாம். பட்டறையை ஏன் மலைமேல் வைத்தார்கள் என்று கேட்டேன். இன்சூரன்ஸிலிருந்து நேரில் வந்து பார்க்க வேண்டியவர்களுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும் என்றார். வண்டி சீக்கிரம் சாகாவிட்டால் மேலாளருக்கு நிம்மதி இருக்காதாம். வண்டி திரும்பி வரும்போது கொசு ஓட்டையை வைத்து நாற்பதை நாற்பத்தொன்று ஆக்கத்தான் சேத அதிகாரிக்குச் சம்பளம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவர்கள் வண்டியைக் கெடுத்ததாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். அவர்கள் செய்ய வேண்டிய வேலையை மத்தியானம் முழுக்கக் குனிந்து குனிந்து சம்பளம் இல்லாமல் நான் செய்துகொடுத்திருக்கிறேன். மேலாளர் குரல் தழுதழுத்தது எதனால் என்று இப்போதும் யோசிக்கிறேன். அது அழுகை இல்லை.

வீட்டுக்காரி இதில் எதையும் காதில் வாங்கவில்லை. நடுவில் உட்கார்ந்துகொண்டு, இடதுபக்கம் திரும்புங்க என்று லாரிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் அவள் கால் வைத்து எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் பாவம், சரிம்மா சரிம்மா என்று தான் போகிற வழியிலேயே போனார்.

அடிவாரத்தில் கேட் அடைத்திருந்தது. ஆறே முக்கால். எங்களுக்கு முன்னால் நாலைந்து சின்னக் கார்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் அந்தக் கார் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தது, உள்ளே ஒரு குடும்பம், யாரும் சிரிக்கவில்லை. காவல்காரர் லாரியின் மேல் இருந்த காரைப் பார்த்தார், அதைச் சுற்றி ஒட்டியிருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்தார், எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தார். தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

குட்டையின் தெருவுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது எட்டு அடிக்கப்போகிறது. நல்ல மனுஷர், பட்டறைக்குப் போகாமல் எங்களை முதலில் வீட்டு வாசலில் இறக்கிவிட வந்தார். லாரியின் மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி அடித்ததில் தெருவே வெளியே வந்துவிட்டது. வாசலில் கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் குட்டை நின்றாள். மத்தியானத்திலிருந்து போனை எடுக்காத சிநேகிதி, லாரி மேல் நாற்பத்திரண்டு காயத்தோடு ஒரு கார், அதற்குள் எங்கள் பெட்டிகள். அவள் என்ன நினைப்பாள். ஓவென்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இறங்கின இவளைப் பிடித்து, தலையைத் தடவி, தோளைத் தடவி, இரண்டு கையையும் மடக்கி மடக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, உங்களை நம்பி அனுப்பினா இப்படியா அண்ணே ஓட்டுவீங்க என்று அழுதாள்.

"நெட்டை, எங்கடி அடி பட்டுச்சு? சொல்லுடி" என்று திரும்ப இவளை உலுக்கினாள்.

வீட்டுக்காரி அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு வாசலைப் பார்த்து நடத்திக்கொண்டே சொன்னாள்.

"அடி படணும்னா மொதல்ல வண்டிய நம்ம கையில குடுக்கணுமேடி."